கேட்டதும் செய்கிறவன்

ஆடக்கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போன நொடியிலிருந்து, தன் உடம்பில் எதெல்லாம் ஆடக்கூடியவை என்று பலவேசத்துக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இடது கால் பெருவிரல். தொண்டை. மூக்கின் ஓரத்தில் ஒரு மயிரிழை அரிப்பு. நாற்பத்து மூன்று வருஷமாக அங்கே ஒரு மூக்கு இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் இருந்தவனுக்கு இப்போது மூக்கைத் தவிர வேறு நினைப்பில்லை. தலையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு கூண்டு. காதில் ஹெட்போன். வலது கைக்குள் ஒரு ரப்பர் பந்து. "ரொம்ப முடியலன்னா இத அமுக்குங்க சார். ஆனா அமுக்கிட்டீங்கன்னா முதல்ல இருந்து எடுக்க வேண்டி வரும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். உதவி என்று ஒன்றைக் கையில் கொடுத்து, தொட்டால் தண்டனை என்றும் சொல்லி அனுப்புகிற சாமர்த்தியம் ஸ்கேன் எடுக்கிறவர்களுக்குத்தான் வரும். முப்பத்தைந்து நிமிஷம். காலை பதினொன்று பத்துக்கு ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள்; கடிகாரம், மோதிரம், பெல்ட், செல்போன் எல்லாம் வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில் கிடக்கின்றன. புஜத்தில் கட்டியிருந்த செப்புத் தாயத்தைக் கழற்றும்போதுதான் கொஞ்சம் தகராறு. முடிச்சு அவிழவில்லை. அந்தப் பெண் கத்தரிக்கோலை எடுக்க, அறுத்தால் அதைக் கட்டிவிட்ட அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று இவன் திருதிருவென்று முழிக்க, வடிவு வந்து கத்தரிக்கோலை வாங்கி வெட்டிவிட்டாள். வடிவு, அவன் மனைவி, தபால் ஆபீசில் வேலை. பார்சல் கயிறு வெட்டிப் பழகிய கை. அவள் இப்போது வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் தர்ஷிகா, ஆறு வயசு, இடது கையில் மாவுக்கட்டோடு. அந்த மாவுக்கட்டைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் அவன் மூக்கைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டக் டக் டக் டக் என்று இயந்திரம் ஆரம்பித்தது. கதவைத் தட்டுவதுபோல் இருந்தாலாவது யாரோ வெளியே இருக்கிறார்கள் என்று ஆறுதல் இருக்கும். இது சுவரே தட்டுகிற சத்தம். நிறுத்தி, கர்ர்ர் என்று இழுத்து, மறுபடி டக் டக். இதற்குள் அது பேசினால் கேட்குமா? அதுதான் அவனுக்குப் பயம். கேட்காமல் போனாலும் பயம். அது பேச ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் தடவை பரம்பில் வைத்து. பரம்பு என்கிற அந்த ஆற்றங்கரை மேட்டில் தொல்லியல் துறை தோண்டுகிற குழிகளுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை; அதற்குள் உட்கார்ந்து பானை ஓடுகளை அளந்து தாளில் வரைகிற வேலை அவனுக்கு. வரைவாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு முதுமக்கள் தாழியின் விளிம்பை வரைந்துகொண்டிருந்தபோது, இடது காதுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, "கோட்டை அழி" என்றது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். கோபமும் இல்லை, பாசமும் இல்லை. கடையில் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறவன் குரல் மாதிரி ஒரு குரல். அழித்தான். பிறகு அளந்து பார்த்தால் விட்டத்தை ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டி வரைந்திருந்தான். இதற்குமேல் ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்வான்? தப்பைத் திருத்துகிற குரலைப் பிசாசு என்று சொல்ல வாய் வருமா? மறுநாள் "குடையை எடு" என்றது, மழை பெய்தது. அதற்கடுத்த வாரம் கத்தரிக்காய்க் கடையில், "அந்தக் கூடை" என்றது. கத்தரிக்காய் பொறுக்குவதற்கு முக்கால் மணி நேரம் நிற்கிறவன் பலவேசம். இரண்டு சட்டைக்கு நடுவில் முடிவெடுக்கத் தெரியாமல் தீபாவளிக்குப் பழைய சட்டை போட்டவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதம் பதில் சொல்லாமல் இருந்தான்; கடைசியில் வடிவு வீட்டார்தான் வந்து தேதியைச் சொன்னார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு குரல் வந்து இதை எடு, அதை விடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? சுகமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குழாய்க்குள் யாரும் பார்க்கவில்லை, இங்கேயாவது ஒத்துக்கொள்ளலாம். ரொம்பச் சுகமாக இருந்தது.

சத்தம் நின்றது. ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல், தலைக்கு நடுவிலேயே முளைத்ததுபோல. "நல்லா இருக்கீங்களா சார்? அடுத்தது ஆறு நிமிஷம். எச்சில் முழுங்கணும்னா இப்ப முழுங்கிக்கிடுங்க." விழுங்கினான். இதற்கும் ஒரு குரல் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் முகம் இதற்குள் மறந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் குரலுக்கு நாற்காலி கிடையாது. எங்கிருந்தோ வருகிறது, சொல்கிறது, இவன் தொண்டை கேட்கிறது. அமலோற்பவம் மேடம் இதைக் கேட்டிருந்தால் குதூகலப்பட்டிருப்பார். பரம்பில் அகழாய்வை நடத்துகிறவர் அவர்; பாளையங்கோட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயசு, வெயிலுக்குத் தொப்பிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். டீ வந்துவிட்டால் போதும், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் போய்த் திரும்ப மாட்டார். ஒரு நாள் தாழிக்குள் இருந்த சின்னக் கிண்ணங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் மறுபிறவி நம்பிக்கை, அதுக்குத்தான் சோறு வச்சான்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல பலவேசம். செத்தவன் பேசிக்கிட்டே இருந்திருக்கான். அப்பன் செத்து நாலு நாள் ஆச்சு, ஆனா காட்டுக்குப் போகும்போது 'வலது பக்கம் போ'ன்னு அப்பன் குரல் கேக்குது. பேசுறவனுக்குப் பசிக்காதா? அதான் சோறு." பதிவேடு எழுத வந்திருந்த ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்து ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு உள்ள இருந்துச்சுன்னு நாமளா நினைச்சுக்கிடுதோம். அவன் யோசிக்கல. யோசிக்கிற வேலைய ஒரு குரல் செஞ்சுது. எந்திரின்னா எந்திரிச்சான். கல்லை நடுன்னா நட்டான். நான் எந்திரிக்கேன்னு அவனுக்குத் தெரியாது. நான்கிற ஆளே அப்ப வரல. அவன் எப்ப, எப்படி வந்தான்னுதான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்." பலவேசம் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. குடி என்று அது சொல்லவில்லை, அதனால் குடிக்கவில்லை. மேடத்திடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மேடம், அந்தக் காலம் எங்கேயும் போகவில்லை, இந்தக் கொட்டகையில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே யாராவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், தர்ஷியின் கை முழுசாக இருந்திருக்கும். மூக்கு. மூக்கைப் பற்றி நினை.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், சொல்லக்கூடாத இடத்தில் போய்ச் சொன்னான். பெரியப்பா மகன் இசக்கிப்பாண்டி, ஊரில் கரையடி மாடசாமி கோயிலை வைத்து நடத்துகிறவன். அந்தக் கோயிலுக்குக் கோமரத்தாடி, அதாவது சாமி வந்து ஆடி வாக்குச் சொல்கிற ஆள், இவர்கள் குடும்பத்தில் இருந்துதான் வரவேண்டும். பெரியப்பா ஆடினார். அவர் போய் மூன்று கொடைத் திருவிழா ஆகிவிட்டது. மேளக்காரன் கைவலிக்க அடித்தும் ஒருத்தன் மேலும் சாமி வரவில்லை. வாக்கு இல்லாத கொடை உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று ஊர் முணுமுணுத்தது. இந்த நேரத்தில் பலவேசம் போய், "எனக்கு ஒரு மாதிரி சத்தம் கேக்குதுண்ணே" என்றால் என்ன ஆகும்? இசக்கிப்பாண்டி சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டான். கண்ணில் தண்ணீர். "நம்ம வீட்டுக்கே வந்துட்டாரு பாத்தியாடே! இத்தன நாள் வேற எங்கயும் போகாம உன்கிட்டல்லா வந்திருக்காரு!" நாற்பத்து மூன்று வருஷத்தில் பலவேசத்தைப் பார்த்து யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பழக்கினார்கள். ஆட்டமெல்லாம் இல்லை. பழக்கம் ஒன்றே ஒன்றுதான். கேட்டதும் செய்ய வேண்டும். இசக்கிப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்: "யோசிக்கப்பிடாதுடே. ஏன், எதுக்குன்னு ஒரு நொடி நின்னன்னு வையி, சாமி மலையேறிரும். அப்பாவும் ஆரம்பத்துல அப்படித்தான் பழகுனாரு. காதுல விழுதா, கை செய்யணும். நடுவுல நீ இருக்கப்பிடாது." நடுவில் நீ இருக்கக்கூடாது. பலவேசம் கெட்டிக்கார மாணவன். பள்ளிக்கூடத்தில் வாங்காத பெயரை அங்கே வாங்கினான். திருநீற்றை எடு, எடுத்தான். விளக்கைத் தூண்டு, தூண்டினான். எந்திரி, எந்திரித்தான். முதலில் ஒரு இமைப்பொழுது தாமதம் இருந்தது. எட்டாவது வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. கேட்டதா, கை நகர்ந்ததா, எது முன்னால் எது பின்னால் என்றே தெரியவில்லை. இசக்கிப்பாண்டி தாயத்துக் கட்டினான், நெற்றியில் திருநீறு பூசினான், காலைத் தொட்டுக் கும்பிட்டான். வடிவு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, "உங்களுக்கு உள்ளபடியே கேக்குதா, இல்ல அவங்க சொல்லச் சொல்லக் கேக்குதா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. சாமியைச் சந்தேகப்படுகிறாளே என்று.

இரண்டாவது தடவை குரல். "சார், பாதி முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம்தான்." பாதிதான் முடிந்திருக்கிறது. குழாயின் மேல்சுவர் மூக்குக்கு நாலு விரற்கடை தள்ளி. தாழிக்குள் உட்கார்த்தி வைத்தவனுக்காவது சுற்றிலும் கிண்ணங்கள், இரும்புக் கத்தி, வாயை மூட ஒரு கல். இவனுக்கு ரப்பர் பந்து. அமுக்கலாமா? அமுக்கினால் முதலிலிருந்து. அமுக்காவிட்டால் நினைப்பு முதலிலிருந்து. மூக்கு இப்போது அரிக்கவில்லை, அந்தத் துணையும் போய்விட்டது. சரி. வரட்டும். அது ஒரு புதன்கிழமை காலை, எட்டே முக்கால். பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். தினமும் அவன்தான் கொண்டுவிடுவான். தர்ஷியின் இடது கை அவன் வலது கைக்குள். சப்பாத்தியில் சுருட்டிய சர்க்கரை பிசுபிசுவென்று விரலில் ஒட்டியிருந்தது. நல்ல போக்குவரத்து. அவள் வரிசையாக எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள், யானைக்கு முட்டி எங்கே இருக்கிறது என்றோ என்னவோ. பாதி சாலையில், கோடு போட்ட இடத்தில், ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்றபோது இடது காதுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, "விடு" என்றது. அவ்வளவுதான். எதை விட, எதற்கு விட, எதுவும் இல்லை. கை விட்டது. அவன் விடவில்லை, கை விட்டது என்று இத்தனை நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான். கோர்ட்டில்கூட எடுபடாது. கை யாருடையது? பிடிமானம் போனதும் பிள்ளை ஒரு அடி முன்னால் வைத்தது. லாரிக்கு மறைவில் இருந்து ஒரு பைக். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, பானை ஓடு கீழே விழுந்த அளவுதான். புத்தகப்பை எங்கோ கிடந்தது. பைக் ஓட்டி வந்தவனும் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, "ஏன்யா, பிள்ளையக் கையில பிடிக்க மாட்டியா?" என்று கத்தினான். பிடித்திருந்தான். பிடித்துத்தான் இருந்தான்.

அதுகூடப் பரவாயில்லை என்று நினைக்க வைக்கிற இன்னொரு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் நினைப்பு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வந்து மாட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்கு வடிவு தபால் ஆபீசிலிருந்து ஆட்டோவில் ஓடிவந்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தர்ஷி அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். "எப்படிங்க? எப்படிங்க ஆச்சு?" என்று வடிவு அவன் சட்டையைப் பிடித்தாள். அப்போது எந்தக் குரலும் பேசவில்லை. சத்தியமாக எதுவும் பேசவில்லை. அவனேதான், யோசித்து, நிதானமாக, சொந்தப் புத்தியில் சொன்னான்: "கைய உருவிக்கிட்டு ஓடிட்டா." வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் தானாக எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும். வடிவு திரும்பி, முறிந்த கையோடு கிடந்த பிள்ளையின் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். பயத்தில் வைத்த அடி. வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். தர்ஷி, "அப்பா விட்டுட்டாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். "பொய் சொல்லாத" என்றாள் வடிவு. இரண்டாவது தடவை அவள் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது, யாரும் கேட்காமலே, "நான்தான் அப்பா கைய உருவிட்டு ஓடினேன். இனிமே ஓடமாட்டேன்" என்றாள். ஒப்பிக்கவில்லை. அப்படி நடந்ததாகவே அவளுக்கு ஞாபகம். வெயில் அடித்தது, அப்பா பத்திரம் என்று சொன்னார், நான் உருவினேன் என்று விவரம்கூடச் சொன்னாள். பலவேசம் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டான். அமலோற்பவம் மேடம், உங்கள் கேள்விக்குப் பதில் என் வீட்டில் இருக்கிறது. நான் என்பது எப்படி வந்தது என்று கேட்டீர்களே? இப்படித்தான் வருகிறது. பெரிய குரல் ஒன்று வெளியே நின்று சொல்கிறது, நீ ஓடினாய் என்று. கொஞ்ச நாளில் அந்தக் குரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு நான் ஓடினேன் என்கிறது. என் காதுக்குப் பின்னால் இருப்பதாவது ஒரு சாண் தள்ளி நிற்கிறது. என் மகளுக்குள்ளே நான் நிற்கிறேன், ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல்.

அதற்கப்புறம் அவனே வடிவிடம், டாக்டரிடம் போகலாம் என்றான். அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். ஏன் திடீரென்று என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயந்திருப்பாள். டாக்டரம்மா எல்லாம் கேட்டுக்கொண்டு, முதலில் தலையில் கட்டி கிட்டி ஏதும் இல்லை என்று பார்த்துவிடுவோம், பிறகு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். குரல் இப்படிச் செய், அப்படிச் செய் என்று கட்டளை போடுமா என்று கேட்டார். வடிவு பக்கத்தில் இருந்தாள். "சும்மா சின்னச் சின்னதா" என்றான். "அதைக் கேட்டு எப்பவாவது ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" "குடை எடுத்திருக்கேன்." டாக்டரம்மா சிரித்தார். இன்று காலை இசக்கிப்பாண்டி போன் பண்ணினான்: "மாத்திர கீத்திர போட்டுறாதடே, வந்தவரு போயிருவாரு. ஆடி மாசம் கொடை இருக்கு, ஊரே உன்ன நம்பி இருக்கு." ஊர் இருக்கட்டும். திங்கட்கிழமை வடிவின் லீவு முடிகிறது. திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு இவன் இடது கைக்குள் தர்ஷியின் நல்ல கை. அதே கோடு, அதே லாரிகள். சொல்லிவிட்டால் வடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், போகத்தான் வேண்டும், அவனாக இருந்தாலும் போவான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை. கர்ர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்த சத்தம் உச்சத்துக்குப் போய், பல்லெல்லாம் கூசி, அப்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில், எந்த அவசரமும் இல்லாமல், இடது காதுக்குப் பின்னால், கூண்டுக்கும் ஹெட்போனுக்கும் இயந்திரத்துக்கும் கட்டுப்படாத ஒரு சாண் தூரத்தில் இருந்து அது சொன்னது. "எந்திரி."

தொடை இறுகியது. எட்டு வெள்ளிக்கிழமை பழகிய தொடை. முழங்கால் ஒரு விரற்கடை உயர்ந்தேவிட்டது. அதே நேரத்தில் தலைக்கு நடுவில் இருந்து மற்றது: "சார் ஆடாதீங்க. காலை ஆட்டாதீங்க." எந்திரி. ஆடாதீங்க. எந்திரி. பலவேசத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இரண்டும் ஒரே மாதிரி குரல்கள்தான். முகம் இல்லை, காரணம் சொல்வதில்லை, கேட்டதும் செய்ய வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றதை மீற வேண்டும். இரண்டையும் கேட்கிற மாதிரி ஒரு உடம்பைக் கடவுள் படைக்கவில்லை. அப்படியே கிடந்தான், கால் பாதி மடங்கியும் மடங்காமலும், கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி. இங்கேயா? இங்கேதானா? அந்தக் காலத்துக் குரல் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று மேடம் குழி குழியாகத் தேடுகிறார். அது நிற்கவே வேண்டாமே, இரண்டாவதாக ஒரு குரல் வந்தால் போதுமே. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் உப்பு விற்க வந்திருப்பான், அவன் சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு. இந்தச் சாமி நட என்றிருக்கும், அந்தச் சாமி நில் என்றிருக்கும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மடையன் நடுவெயிலில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றிருப்பான். அதுவரை நடுவில் யாரும் இல்லை. இப்போது யார் நிற்கிறது? நடக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை; வேர்த்து வழிகிறது; ஒன்றுக்கு வருகிறது; அம்மா என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. அவனுக்கு நான் என்று பெயர் வைக்க அப்போது யாரும் இல்லை. பெருமையாக ஒன்றும் வந்து பிறக்கவில்லை, பயந்துபோய் ஒருத்தன் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான் விஷயம். எந்திரி என்றது அது, மூன்றாவது தடவை. பலவேசம் எந்திரிக்கவில்லை. அந்தப் பெண் சொன்னதற்காக அல்ல. அது நன்றாகத் தெரிந்தது. அவள் சொன்னது எப்போதோ முடிந்துவிட்டது, இவன் இன்னும் கிடந்தான். முழங்காலைத் தானாகக் கீழே இறக்கினான். இறக்குகிறேன் என்று தெரிந்து இறக்கினான். ஒரு மூட்டை அரிசியை இறக்குவதுபோல் இருந்தது.

"சார், கடைசி படம் ஆடிப்போச்சு. திரும்ப எடுக்கணும். ஏழு நிமிஷம், சரியா?" சரி என்று சொல்லவும் வாயை ஆட்டக்கூடாது. ஏழு நிமிஷம் கிடந்தான். அது பேசவில்லை, போகவும் இல்லை. கடன்காரன் வாசலில் காத்திருப்பதுபோல் காதுக்குப் பின்னால் இருந்தது தெரிந்தது. அன்றைக்குச் சாலையிலும் கால் ஊன்ற இப்படி ஒரு இடம் கிடைத்திருக்குமா? விடு என்றதற்கும் கை திறந்ததற்கும் நடுவில் ஒரு மயிரிழை இருந்திருக்குமா, அதில் நான் நின்றிருக்க முடியுமா? முடிந்திருக்கும் என்றால் குற்றவாளி. முடியாது என்றால் திங்கட்கிழமையும் முடியாது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க இந்த இயந்திரத்தில் படம் இல்லை. ஏழு நிமிஷத்தில் அவனுக்கு ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. இந்தக் கேள்வியை இனிமேல் அவன் ஒருத்தனாக வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

பலகை நகர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அந்தப் பெண் கூண்டைத் திறந்து, "பயந்துட்டீங்க போல. நிறைய பேரு அப்படித்தான்" என்றாள். சாதாரணமான, தூக்கம் போதாத ஒரு முகம். வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தன. தர்ஷிக்கு இந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் வடிவு, மடியில் மஞ்சள் பை.

"முடிஞ்சுதா? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? டீ வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம். வடிவு, அன்னைக்கு ரோட்டுல இவ கைய உருவல. நான் விட்டேன்."

வடிவு பையின் காதைச் சரிசெய்தாள். "வேர்வையில வழுக்கியிருக்கும். அதப் போயி இப்ப எதுக்கு."

"வழுக்கல. விடுன்னு கேட்டுச்சு. விட்டுட்டேன். உன்கிட்ட இவ மேல பழியைப் போட்டேன்."

எதிரே இருந்த தொலைக்காட்சியில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். வடிவு அதைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழும்பியிருந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"இப்பவும் கேக்குதா?"

"கேக்குது."

"என்ன சொல்லுது?"

"சொல்லாதங்குது. இங்க வந்து உக்காந்ததுல இருந்து அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு."

அப்போதுதான் அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். என்ன பார்வை என்று அவனுக்குத் தெரியவில்லை. வெறுப்பு இருந்தது, பயம் இருந்தது, அதற்கெல்லாம் பின்னால் அவனைப் புதிதாக அடையாளம் பார்க்கிற மாதிரியும் இருந்தது. எழுந்தாள். தர்ஷியை, ஆறு வயசுப் பிள்ளையைத் தூக்க முடியாமல் தூக்கி, மாவுக்கட்டுப் படாமல் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அவன் தடுக்கவில்லை. தள்ளி உட்கார்ந்ததில் அவனுக்கு நெஞ்சு வலித்தது, மூச்சும் சீராக வந்தது.

"டாக்டர்கிட்ட இதச் சொல்லணும்" என்றாள் வடிவு. "நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"திங்கக்கிழம லீவு நீட்டிக்கிடுதேன். இவள நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம்."

"வேண்டாம்."

தர்ஷி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது.

"அப்ப நான் ஓடலையாப்பா?"

"இல்லம்மா. நீ ஓடல."

அவள் அம்மாவின் மடியிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"அப்ப நீ ஏம்மா என்ன அடிச்ச?"